மேற்குச் சென்னைப் புறநகர் நில அளவை

மேற்குச் சென்னைப் புறநகர் நில அளவை என்பது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களையும் அளந்து, எண்ணிட்டு, வரைபடமாக்கிய பணியின் வரலாறு. ஜாகிர் அளவை (1767-1774) முதல் இன்றைய தனியார் நிறுவனங்களின் நிலத்தடி வரைபடம் வரை இப்பணி தொடர்கிறது. நெல்வயல்களுக்காக உருவாக்கப்பட்ட புல எண்களே இன்று தொழிற்சாலைகளுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் உரிமை ஆவணங்களின் அடிப்படையாக உள்ளன. நிலத்தின் மேற்பரப்புக்குச் சட்ட வலிமை கொண்ட பதிவு நூறாண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. மண்ணுக்குக் கீழே செல்லும் குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் அத்தகைய ஒற்றைப் பதிவு இன்றுவரை உருவாகவில்லை.

நிலப்பகுதி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் உருவானபோது அதில் இணைந்தன. அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. 2018-இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது.

இப்பகுதி பெரும்பாலும் தட்டையான சமவெளி. கூவம் ஆறு பருத்திப்பட்டு, திருவேற்காடு, மதுரவாயல் வழியாகச் சென்னைக்குள் நுழைகிறது. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, போரூர், செம்பரம்பாக்கம் என ஏரிகள் நிறைந்த நிலம் இது. ஓர் ஏரியின் உபரி நீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குச் செல்லும் வகையில் இவை அமைந்தன. சரிவு மிகக் குறைவு என்பதால் சில அங்குல உயர வேறுபாடே நீர் செல்லும் திசையைத் தீர்மானிக்கும். இங்கு நில அளவை வயலின் எல்லையோடு நீரின் வழியையும் பதிவுசெய்யும் பணியாக இருந்ததற்குக் காரணம் இதுவே.

முற்கால அளவை

சோழர் காலத்தில் முதலாம் ராஜராஜன் ஆட்சியில் பொ.யு. 1001-ஐ ஒட்டி நாடு தழுவிய நில அளவை நடந்தது. முதலாம் குலோத்துங்கன் 1086-இல் மீண்டும் நிலத்தை அளந்தான். கோயில்களுக்கும் பிராமணர்களுக்கும் ஊர்களைக் கொடையளித்தபோது நான்கு திசை எல்லைகளும் செப்பேடுகளில் எழுதப்பட்டன. பெண் யானையை எல்லை நெடுகிலும் நடத்திச் சென்று, அது நடந்த வழியை எல்லையாகக் குறிக்கும் வழக்கம் 'பிடி சூழ்தல்' எனப்பட்டது. ஆவடிக்கு மேற்கே அதே ரயில் பாதையில் அமைந்துள்ள திருவாலங்காட்டில் கிடைத்த முதலாம் ராஜேந்திரனின் செப்பேடுகள், பழையனூர் என்னும் ஊரின் எல்லைகளை இம்முறையில் விவரிக்கின்றன. எல்லையாக ஏரி, கால்வாய், மரம், புற்று, வழி ஆகியவை சொல்லப்படுவது இத்தகைய ஆவணங்களின் இயல்பு.

தொண்டை மண்டலத்தின் இப்பகுதியில் நிலம் குழி, காணி, மனை ஆகிய அலகுகளால் அளக்கப்பட்டது. 24 அடி நீளக் கோலால் அளந்த சதுரம் ஒரு குழி. அதாவது 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி; 57,600 சதுர அடி. ஒரு காணியில் 24 மனை. எனவே ஒரு மனை 2,400 சதுர அடி. இதுவே இன்று சென்னை வட்டாரத்தில் 'கிரவுண்ட்' என வழங்கும் அலகு. அம்பத்தூரில் 'அரை கிரவுண்ட்' விற்பவரும் வாங்குபவரும் பழைய காணிக் கணக்கையே கையாள்கின்றனர்.

ஜாகிர் அளவை

ஆற்காடு நவாப் முகமது அலி 1763-இல் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராக அளித்தார். பூந்தமல்லியும் இந்த ஜாகிரில் அடங்கியது. கிடைத்த நிலத்தின் அளவையும் வருவாயையும் அறியக் கம்பெனி விரும்பியது. பொறியாளர் தாமஸ் பர்னார்ட் 1767-இல் அளவையைத் தொடங்கி 1774-இல் முடித்தார். வங்காளத்தில் ஜேம்ஸ் ரென்னல் தலைமை அளவையராக அமர்த்தப்பட்டதும் 1767-இல்தான். இந்திய நில அளவைத் துறை அந்த ஆண்டையே தன் தொடக்கமாகக் கொள்கிறது.

பர்னார்டின் அளவை சுமார் 2,000 ஊர்களை உள்ளடக்கியது. ஊரின் மொத்தப் பரப்பு, நஞ்சை, புஞ்சை, ஏரி, காடு, தரிசு, வீடுகளின் எண்ணிக்கை, குடிகளின் விவரம், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பவை பதிவாயின. இவற்றுக்கு அடிப்படையாக ஊர்க் கணக்கர்கள் எழுதி வைத்திருந்த ஓலைக் கணக்குகள் இருந்தன. இது ஊரை அலகாகக் கொண்ட அளவை. ஒவ்வொரு வயலையும் தனித்தனியே அளந்து படம் வரையும் முறை அப்போது இல்லை.

அதற்கு இப்பகுதியின் உரிமை முறையும் காரணம். செங்கல்பட்டு வட்டாரத்தில் காணியாட்சி அல்லது மிராசு முறை நிலவியது. மிராசுதாருக்கு ஊரில் இத்தனை பங்கு என்பதே உரிமையாக இருந்தது. பல ஊர்களில் வயல்கள் பங்குதாரர்களிடையே அவ்வப்போது மாற்றிப் பகிரப்பட்டன. உரிமை என்பது குறிப்பிட்ட ஒரு துண்டு நிலத்தோடு நிரந்தரமாகக் கட்டப்படவில்லை. பிற்கால அளவை இந்த உறவை மாற்றியது.

அளவைப் பள்ளியும் அடிக்கோடும்

கம்பெனியின் வானியலாளரும் அளவையருமான மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் 1794-இல் சென்னையில் அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. சென்னை ஆண் அனாதை விடுதியிலிருந்து எட்டுச் சிறுவர்கள் முதல் மாணவர்களாகச் சேர்க்கப்பட்டனர். ஐரோப்பிய அளவையர்களைக் கப்பலில் வரவழைப்பது செலவு மிகுந்தது என்பதால், குறைந்த ஊதியத்தில் உள்ளூரிலேயே ஆட்களைப் பயிற்றுவிப்பது நோக்கம். 1796-இல் டாப்பிங் மறைந்தபின் ஜான் கோல்டிங்ஹாம் பள்ளியை நடத்தினார். இப்பள்ளியே வளர்ந்து பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியானது.

பூந்தமல்லிக்குத் தென்கிழக்கே பரங்கிமலை அருகில் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல், மே மாதங்களில் அடிக்கோடு ஒன்றை அளந்தார். அதன் நீளம் ஏறத்தாழ 7.5 மைல், அதாவது 12 கிலோமீட்டர். நூறு அடி நீள எஃகுச் சங்கிலி இதற்குப் பயன்பட்டது. வெயிலில் சங்கிலி நீளுவதையும் கணக்கிட்டுத் திருத்தினர். இக்கோட்டிலிருந்து முக்கோணங்களாக விரிந்த அளவையே மாபெரும் முக்கோணவியல் அளவை ஆயிற்று.

லாம்டனின் அளவை நாட்டின் வடிவத்தையும் புவியின் வளைவையும் அறிய உதவியது. உழவரின் வயல் எங்கே முடிகிறது என்பதை அது சொல்லவில்லை. அந்தப் பணி அரை நூற்றாண்டுக்குப் பின்னரே தொடங்கியது.

ரயத்துவாரி அளவை

ஜாகிரில் நிரந்தர வரி முறை சிறிது காலம் நடைமுறையில் இருந்து தோல்வியடைந்தது. அதன்பின் ஒவ்வொரு உழவரிடமிருந்தும் நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறை நிலைபெற்றது. ஒவ்வொரு வயலுக்கும் தனி வரி என்றால் ஒவ்வொரு வயலையும் அளந்தாக வேண்டும். 1858-இல் சென்னை மாகாணத்தில் வருவாய் நில அளவை முறையாகத் தொடங்கியது.

முதலில் கிராம எல்லை அளக்கப்பட்டது. மூன்று கிராமங்களின் எல்லைகள் சந்திக்கும் இடத்தில் முச்சந்திக் கல் நடப்பட்டது. பின்னர் கிராமம் புலங்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் எண் தரப்பட்டது. புலத்தின் மூலைகளில் கருங்கற்கள் ஊன்றப்பட்டன. மக்கள் வழக்கில் இவை 'சர்வே கல்'.

புலத்தை அளக்கக் குன்டர் சங்கிலி பயன்பட்டது. இதன் நீளம் 66 அடி. இதில் 100 கண்ணிகள் உண்டு. கண்ணியை அளவையர்கள் 'லிங்க்' என்பர். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு சென்ட், 435.6 சதுர அடி. புலத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்குக் கோடு போட்டு, அக்கோட்டிலிருந்து மற்ற மூலைகளுக்குச் செங்குத்தாக உள்ள தூரங்களை அளந்தனர். இந்த எண்களைக் கொண்டு எவரும் அப்புலத்தை எப்போது வேண்டுமானாலும் தரையில் மீண்டும் அமைக்கலாம். கல் காணாமல் போனாலும் எல்லை காணாமல் போகாது என்பதே இம்முறையின் பலம்.

பதிவேடுகள்

இந்த அளவையிலிருந்து உருவான ஆவணங்கள் இன்றும் வழக்கில் உள்ளன.

புலப்படம்: ஒரு புல எண்ணுக்கு ஒரு படம். பக்க அளவுகளும் குறுக்குக் கோடுகளும் அதில் இருக்கும். இவற்றின் தொகுப்பு புலப்பட நூல்.

கிராம வரைபடம்: எல்லாப் புலங்களும் ஒன்றாக இணைந்த படம். ஏரி, கால்வாய், வண்டிப்பாதை, நத்தம் ஆகியவை இதில் தெரியும்.

அ-பதிவேடு: புல எண், பரப்பு, நில வகை, தீர்வை, உரிமையாளர் ஆகியவற்றின் நிரந்தரப் பதிவு.

பட்டா, சிட்டா, அடங்கல்: பட்டா உரிமையாளருக்குத் தரப்படுவது, சிட்டா உரிமையாளர் வாரியான கணக்கு, அடங்கல் ஆண்டுதோறும் பயிர் விவரம் எழுதப்படுவது.

நிலம் விற்கப்பட்டோ பாகம் பிரிந்தோ துண்டாகும்போது உட்பிரிவு எண் சேர்கிறது. புல எண் 125 இரண்டாகப் பிரிந்தால் 125/1, 125/2. பின்னது மீண்டும் பிரிந்தால் 125/2ஏ, 125/2பி. ஒரு நீண்ட உட்பிரிவு எண்ணைப் படித்தால் அந்த நிலம் எத்தனை முறை கைமாறிப் பிரிந்தது என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

மெட்ரிக் முறை வந்தபின் பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்னும் அலகுகள் இடம்பெற்றன. ஓர் ஏர் 100 சதுர மீட்டர். ஒரே மனை விளம்பரத்தில் ஒரு கிரவுண்ட், கணக்கில் 5.5 சென்ட், பட்டாவில் 2.23 ஏர் என மூன்று பெயர்களில் தோன்றும். காணியும் குன்டர் சங்கிலியும் மீட்டரும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன.

புறம்போக்கும் பஞ்சமி நிலமும்

வரி விதிக்கப்படாத பொது நிலம் புறம்போக்கு எனப் பதிவாயிற்று. ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால், களம், சுடுகாடு, வண்டிப்பாதை என வகைகள் எழுதப்பட்டன. வீடுகள் இருந்த பகுதி நத்தம். நத்தத்துக்கு வரி இல்லாததால் அதற்குள் இருந்த வீடுகள் தனித்தனியே அளக்கப்படவில்லை. நூறாண்டுகளுக்கு மேலாக நத்தம் வரைபடத்தில் ஒற்றைப் புலமாகவே இருந்தது. தனி நத்தம் அளவை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் நடைபெற்றது. உழுத நிலத்துக்குப் பட்டா இருந்தும், தலைமுறைகளாகக் குடியிருந்த வீட்டுக்குப் பட்டா இல்லாத குடும்பங்கள் பல இருந்தமைக்கு இது காரணம்.

ரயத்துவாரி அளவை மிராசுதாரின் பங்கைப் புல எண்ணாக மாற்றியது. அந்த வயல்களில் உழைத்த பறையர் குடிகளின் பெயர் பதிவேட்டில் பெரும்பாலும் ஏறவில்லை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி 1891-இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். தரிசு நிலங்களை அவர்களுக்கு ஒதுக்க 1892-இல் அரசு ஆணையிட்டது. இவை பஞ்சமி நிலம் எனப்பட்டன. மற்றச் சாதியினருக்கு இவற்றை விற்கக் கூடாது என்பது நிபந்தனை. காலப்போக்கில் பல நிலங்கள் கைமாறின. இன்று பஞ்சமி நிலத்தை மீட்கக் கோருவோர் முதலில் தேடுவது பழைய அ-பதிவேட்டில் உள்ள குறிப்பைத்தான். நிலமற்றோருக்கு எதிராக அமைந்த பதிவேடே அவர்களின் சான்றாகவும் ஆகியிருக்கிறது.

அளவைச் சட்டம்

1923-இல் சென்னை நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இயற்றப்பட்டது. இன்று இது தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் எனப்படுகிறது. அளவைக்கு முன் நில உரிமையாளர்களுக்கு அறிவிப்புத் தர வேண்டும். தகராறு இருந்தால் அளவை அலுவலர் விசாரித்து எல்லையை முடிவு செய்வார். மேல்முறையீடு உண்டு. அளவை நிறைவுற்றதாக அறிவிப்பு வெளியான பின், அதில் ஆட்சேபம் உள்ளவர் மூன்றாண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம். நீதிமன்றம் மாற்றாத வரை, அளவைப் பதிவே எல்லைக்கு முடிவான சான்று.

இச்சட்டத்தின்படி எல்லையை நிர்ணயிக்கும் அதிகாரம் அரசு அளவையருக்கு உரியது. தனியார் அளவையர் துல்லியமாக அளக்கலாம், படம் வரையலாம், அதனால் சட்டப்படி எல்லை மாறாது.

1979 முதல் 1987 வரை தமிழகத்தில் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. மக்கள் வழக்கில் இது 'யு.டி.ஆர்.' பதிவேட்டில் இறந்தவர்களின் பெயரில் இருந்த நிலங்களை அப்போதைய உரிமையாளர்களின் பெயருக்கு மாற்றுவது நோக்கம். பணியின் போது பெயர்ப் பிழைகளும் பரப்புப் பிழைகளும் நேர்ந்தன. அவற்றைத் திருத்தும் மனுக்கள் இன்றும் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகங்களுக்கு வந்துகொண்டிருக்கின்றன.

தொழில்மயமும் மனைப்பிரிவும்

ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையிலான ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையான இது அம்பத்தூர், ஆவடி வழியாகச் சென்றது. நிலம் தொழிலுக்கு மாறியது விடுதலைக்குப் பின்னர். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலை தொடங்கியது. 1955-இல் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்னும் தீர்மானம் அங்கு நிறைவேறியது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் அமைந்தது.

இத்தகைய திட்டங்களுக்கு நிலம் எடுக்கும்போது புல எண்ணே அறிவிக்கையில் வரும். எந்த எண்ணில் எவ்வளவு பரப்பு, அதில் யாருக்கு இழப்பீடு என்பதைப் புலப்படமும் அ-பதிவேடும் முடிவு செய்தன. குத்தகைக்கு உழுதவர் பதிவேட்டில் இல்லை என்றால் இழப்பீட்டுக் கணக்கிலும் அவருக்கு இடம் கிடைப்பது கடினம்.

ஆலைகளைத் தொடர்ந்து குடியிருப்புகள் வந்தன. வயல்கள் மனைப்பிரிவுகளாக விற்கப்பட்டன. வாங்கியவர்கள் பத்திரம் பதிந்தனர். பலர் உட்பிரிவு செய்து தனிப்பட்டா பெறவில்லை. ஆகவே தரையில் நாற்பது வீடுகளும் தெருவும் இருக்க, புலப்படத்தில் அது பிரியாத வயலாகவே நீடிக்கும் நிலை ஏற்பட்டது. மனைப்பிரிவுப் படத்தில் காட்டிய தெருவுக்கும் புலப்படத்தின் அளவுக்கும் இடையே சில அடிகள் வேறுபடும்போது, கடைசி மனைக்காரரின் இடம் குறையும். புறநகர்ச் சுற்றுச்சுவர்த் தகராறுகளில் இது வழக்கமான காரணம்.

ஊர் நகராட்சியானபின் நகர நில அளவை நடத்தப்பட்டு வார்டு, பிளாக், நகரப் புல எண் ஆகியவை தரப்படும். பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒப்பீட்டுப் பதிவேட்டில் இணைக்கப்படும். பத்திரத்தில் இரண்டையும் குறிப்பிடும் வழக்கம் இதனால் ஏற்பட்டது.

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வெளியாயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கள் மனையை அளந்து படம் பெறத் தனியார் அளவையர்களை நாடின. மேற்குப் புறநகரில் இத்தொழில் வளர்ந்ததற்கு இவ்விதிகளும் ஒரு காரணம்.

ஏரிகளின் எல்லை

ஆயக்கட்டு வயல்கள் மனைகளானதும் ஏரியின் பாசனத் தேவை இல்லாமல் போனது. மதகிலிருந்து வயலுக்குச் சென்ற சிறு வாய்க்கால்கள் தூர்ந்தன. ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்கு உபரி நீர் கொண்டுசென்ற கால்வாய்கள் குறுகின. சில ஏரிகளின் நிலத்தில் அரசுத் திட்டங்களே எழுந்தன. முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்ற பெயரிலேயே ஒரு குடியிருப்புப் பகுதி உள்ளது.

தரையில் மறைந்த கால்வாய் கிராம வரைபடத்தில் மறைவதில்லை. இரண்டு கோடுகளுக்கு இடையே தனிப் புல எண்ணோடு வாய்க்கால் புறம்போக்காக அது நீடிக்கிறது. 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், ஏரியை முதலில் அளந்து எல்லையை வரைபடமாக்க வேண்டும் என்கிறது. அந்த அளவைக்கு அடிப்படை பழைய பதிவேடுகளே.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் கரைப் பகுதிகள் மூழ்கின. அதன்பின் நீர் எந்த வழியில் சென்றது என்ற கேள்வி பொது விவாதத்துக்கு வந்தது. பழைய கிராம வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பார்க்கும் வழக்கம் ஆய்வாளர்களிடமும் குடியிருப்போர் சங்கங்களிடமும் பரவியது. ஆனால், அளவைப் பதிவு ஆக்கிரமிப்பைச் சுட்டுவதோடு நின்றுவிடும். அந்த நிலத்தில் வீடு கட்டியவர் பத்திரமும் மின் இணைப்பும் வரி ரசீதும் கொண்டவராக இருப்பார். வரைபடத்தின் இரண்டு கோடுகளுக்கு இடையே வாழ்பவருக்கு மாற்று இடம் தருவது அளவையரின் கையில் இல்லை.

நிலத்தடி வரைபடம்

மேற்பரப்பைப் போலவே நிலத்தடியும் நிறைந்தது. செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2007-இல் செயல்படத் தொடங்கியது. அங்கிருந்து பெருங்குழாய்கள் நகரத்துக்குச் செல்கின்றன. குடிநீர்க் கிளைக்குழாய்கள், கழிவுநீர்க் குழாய்கள், மழைநீர் வடிகால்கள், மின்கம்பிகள், தொலைபேசி மற்றும் இணையக் கம்பிகள் ஆகியவை தெருக்களுக்கு அடியில் செல்கின்றன. ஒவ்வொரு துறையும் தன் குழாய்க்குத் தனிப் படம் வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே அளவில் காட்டும், 1923 சட்டத்தின் பதிவேடு போன்ற சட்டப் பதிவு இல்லை.

பழைய படங்களில் உள்ள ஒரு குறை ஆழம். 'சாலை மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் கீழே' என்று எழுதியிருந்தால், அதன்பின் சாலை எத்தனை முறை மேலே உயர்த்திப் போடப்பட்டது என்று தெரிய வேண்டும். சாலை உயர்ந்தால் குழாயின் ஆழம் மாறுகிறது. படத்தில் உள்ள எண் மாறுவதில்லை. ஆகவே கடல் மட்டத்தை அடிப்படையாகக் கொண்ட உயர அளவே நம்பகமானது. பள்ளம் தோண்டும் இயந்திரம் குடிநீர்க் குழாயை உடைப்பதற்கும், மின்கம்பியைத் தொட்டுத் தொழிலாளி உயிரிழப்பதற்கும் இத்தகைய பதிவின்மை முக்கியமான காரணம்.

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26.1 கிலோமீட்டர் நீளும் மெட்ரோ ரயில் வழித்தடம் போன்ற திட்டங்களில் தூண்களின் அடித்தளம் சாலையின் நடுவே ஆழமாக இறங்குகிறது. அங்கு ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிவது கட்டாயம். இப்பணி தொழில் வழக்கில் 'யுட்டிலிட்டி மேப்பிங்' எனப்படுகிறது.

அளவை நிறுவனங்களின் பணிமுறை

இந்தியாவில் வரைபடத் தரவுகள் நீண்ட காலம் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன. 2021 பிப்ரவரியில் வெளியான புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள், இந்திய நிறுவனங்கள் முன்அனுமதி இன்றி வரைபடம் உருவாக்க வழிசெய்தன. 2022-இல் தேசிய புவியிடக் கொள்கை வெளியானது. தனியார் நிறுவனங்களின் பணி இதனால் விரிவடைந்தது.

மேற்பரப்பு அளவையில் முதலில் செயற்கைக்கோள் சமிக்ஞைகளைக் கொண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகள் நிறுவப்படும். இதற்கு டி.ஜி.பி.எஸ். கருவி பயன்படுகிறது. அவற்றிலிருந்து டோட்டல் ஸ்டேஷன் கருவியால் சுவர், மரம், மின்கம்பம், மூடி, கல் ஆகியவை அளக்கப்படும். பழைய சர்வே கற்கள் கிடைத்தால் அவற்றின் இடமும் குறிக்கப்படும். குறைந்தது மூன்று கற்களாவது புலப்படத்தோடு பொருந்தினால்தான் மற்ற எல்லைகளைத் தரையில் நம்பிக்கையோடு காட்ட முடியும். புதிய கருவி மில்லிமீட்டர் வரை அளந்தாலும், லிங்க் கணக்கில் அளந்த பழைய புலப்படத்தின் துல்லியத்தையே எல்லை பின்பற்றும்.

நிலத்தடி அளவையில் பணி நான்கு படிகளில் நடக்கிறது. அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் சங்கம் 2002-இல் வெளியிட்ட தர வழிகாட்டி இவற்றை டி, சி, பி, ஏ என வரிசைப்படுத்துகிறது. துறைகளின் பழைய படங்களைத் திரட்டுவது டி நிலை. மூடிகள், வால்வுகள், கம்பங்கள் போன்ற மேற்பரப்பு அடையாளங்களை அளந்து படத்தோடு ஒப்பிடுவது சி நிலை. கருவிகளால் குழாயின் வழியைக் கண்டறிவது பி நிலை. சோதனைப் பள்ளம் தோண்டிக் குழாயைக் கண்ணால் பார்த்து அளப்பது ஏ நிலை.

பி நிலையில் இரண்டு கருவிகள் முக்கியமானவை. மின்காந்தக் கண்டறி கருவி மின்கம்பியையும் உலோகக் குழாயையும் காட்டும்; பிளாஸ்டிக் குழாயைக் காட்டாது. நிலம் ஊடுருவும் ரேடார் தள்ளுவண்டி போன்ற அமைப்பில் சாலைமேல் நகர்த்தப்படும். அது அனுப்பும் அலை குழாயில் பட்டுத் திரும்பும்போது திரையில் கவிழ்ந்த வில் போன்ற வடிவம் தோன்றும். பிளாஸ்டிக் குழாயையும் இது காட்டக்கூடும். ஆனால் ஈரக் களிமண் ரேடார் அலையை உறிஞ்சிவிடும். பழைய ஏரிப் படுகைகளிலும் நெல்வயல்களிலும் எழுந்த தெருக்களில், மழைக்காலத்தில் ரேடார் காணும் ஆழம் குறையும். இத்தகைய பணியைக் கோடையில் வைத்துக்கொள்வதும், ஐயம் உள்ள இடங்களில் சோதனைப் பள்ளம் தோண்டுவதும் இதனால்தான். வயலின் மண் சாலைக்கு அடியில் இன்னும் இருக்கிறது.

கண்டறிந்த வழிகள் சாலைமேல் வண்ணத்தால் குறிக்கப்படும். மின்சாரத்துக்குச் சிவப்பு, குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை, எரிவாயுவுக்கு மஞ்சள், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு என்பது பரவலான வழக்கம். இறுதிப் படத்தில் ஒவ்வொரு குழாய்க்கும் இடம், ஆழம், பொருள், விட்டம் ஆகியவற்றோடு அது எந்த நிலையில் உறுதிசெய்யப்பட்டது என்பதும் எழுதப்பட வேண்டும். கண்ணால் பார்த்ததையும் கருவியால் ஊகித்ததையும் ஒரே கோடாக வரைவது இத்தொழிலில் பெரும் பிழையாகக் கருதப்படுகிறது.

2023 மார்ச்சில் இந்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்னும் செயலியை அறிமுகப்படுத்தியது. பள்ளம் தோண்டுபவர் முன்கூட்டித் தெரிவித்தால், அவ்விடத்தில் குழாயோ கம்பியோ வைத்திருக்கும் அமைப்புகளுக்குத் தகவல் செல்லும். நிலத்தடிக்கான பொதுப் பதிவை நோக்கிய முதல் அடிகளில் ஒன்று இது.

வரலாற்று இடம்

ஜாகிர் அளவை வருவாயை அறிவதற்காகச் செய்யப்பட்டது. இன்று அது பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கிராமத்தின் வாழ்க்கையை அறியும் மூலமாக உள்ளது. ரயத்துவாரி அளவை வரிக்காகச் செய்யப்பட்டது. இன்று அது மறைந்த கால்வாய்க்கும் பஞ்சமி நிலத்துக்கும் சான்றாக நிற்கிறது. அளந்தவர்கள் எண்ணிய பயனும் பிற்காலத்தார் கண்ட பயனும் வெவ்வேறு.

இதற்குக் காரணம் அந்த அளவை முழுமையாகவும், மீண்டும் சரிபார்க்கத்தக்கதாகவும், பொது ஆவணமாகவும் இருந்தது. தமிழக அரசு புலப்படங்களைக் கணினிமயமாக்கி இணையத்தில் வழங்குவதால், ஆவடியில் மனை வாங்கும் ஒருவர் அதன் புலப்படத்தைத் தன் கைப்பேசியிலேயே பார்க்க முடிகிறது. நிலத்தடி வரைபடங்கள் அவ்வாறு இல்லை. ஒரு திட்டத்துக்காக ஒரு நிறுவனம் தயாரிக்கும் படம் பெரும்பாலும் அத்திட்டத்தின் கோப்போடு முடிந்துவிடுகிறது. அடுத்த திட்டத்துக்கு அதே தெரு மீண்டும் அளக்கப்படுகிறது. வயலுக்கு நடந்ததுபோல் குழாய்க்கும் எண், படம், பதிவேடு, சட்டம் ஆகிய நான்கும் அமையும்போதுதான் மேற்குப் புறநகரின் அளவை நிறைவடையும்.